அந்த ஒரு பந்தை மறுபடி வீசினால்...?

ராத்திரி சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவுகிற சத்தமும் ஓய்ந்த பிறகு, சாப்பாட்டு மேஜையில் ஒரு ஓரத்தைத் துடைத்து இடம் பண்ணிக்கொண்டு ஒருவர் உட்காருகிறார். கையில் மூன்று பகடைகள். எதிரே சீட்டுக்கட்டு மாதிரி அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரின் பெயர், கீழே பொடிப்பொடியாக எண்கள். பக்கத்தில் கோடு போட்ட தாள், பென்சில், ரப்பர். பகடையை உருட்டுகிறார், பார்க்கிறார், எழுதுகிறார். மறுபடி உருட்டுகிறார். அரை மணி நேரத்தில் ஒரு மேட்ச் முடிகிறது. தாளின் தலைப்பில் தேதி போட்டு ஃபைலில் வைக்கிறார். என்ன தேதி தெரியுமா? ஆகஸ்ட் 11, 1951!

அமெரிக்காவில் இப்படி ஒரு பொழுதுபோக்கு உண்டு. 'ரீப்ளே' என்பார்கள். என்றைக்கோ முடிந்துபோன ஒரு பேஸ்பால் சீஸனை எடுத்துக்கொண்டு, முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை, அன்றைக்கு யார் யாரோடு மோதினார்களோ அதே வரிசையில், பகடையை உருட்டி மறுபடி ஆடிப் பார்ப்பது. 1951-ல் ஒரு லீகில் எட்டு அணிகள். அணிக்கு 154 ஆட்டம். மொத்தம் 616 மேட்ச். தினம் ஒன்று ஆடினால்கூட ஒரு வருஷம் எட்டு மாசம் ஆகும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரே அணியின் ஆட்டங்களை மட்டும் ஆடுவார்கள். இப்போது கம்ப்யூட்டரிலும் செய்கிறார்கள். ஆனாலும் பகடைச் சத்தம் இல்லாமல் ஆகாது என்கிற பழைய ஆசாமிகள் இன்னும் இருக்கிறார்கள்.

"வேலை வெட்டி இல்லாதவங்க!" என்றுதானே சொல்ல வருகிறீர்கள்? அவர்கள் வீட்டிலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்த விளையாட்டுக்குள் நம் எல்லோருடைய மனசுக்கும் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது.

அட்டைக்குள் ஓர் ஆள்

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிஷப் பாடம். நம்ம பௌலருக்கு அங்கே பிட்சர் என்று பேர். சிக்ஸர் மாதிரி பந்தை வேலிக்கு வெளியே தூக்கினால் அது ஹோம் ரன். அடித்தவரும், ஏற்கெனவே பேஸ்களில் நிற்கிறவர்களும் சேர்ந்து ஓடி வந்து ரன் எடுக்கலாம். மூன்று பேர் அவுட் ஆனால் எதிரணி முறை. இப்படி ஒன்பது சுற்று. அவ்வளவுதான். மீதியை விட்டுவிடலாம்.

1951-ல் பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் ஊர்க்காரரான ரிச்சர்ட் சைட்ஸ் என்பவர் 'ஏ.பி.பி.ஏ.' என்ற பகடை பேஸ்பாலை விற்க ஆரம்பித்தார். பத்து வருஷம் கழித்து, 1961-ல், ஹால் ரிச்மன் என்ற இளைஞர் 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார். ரிச்மனுக்கு இதன் கரு தோன்றியபோது வயசு பதினொன்று! கம்பெனி தடுமாறியபோது அப்பாவிடம் 5,000 டாலர் கடன் கேட்டார். 'சரி தருகிறேன், ஆனால் இதுவும் போணியாகவில்லை என்றால் என் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வந்து உட்கார வேண்டும்' என்பது அப்பா போட்ட கண்டிஷன். பையன் அந்த ஆபீஸ் பக்கம் போகவே வேண்டியிருக்கவில்லை. 2020-ல் கொரோனாவால் நிஜ பேஸ்பால் தள்ளிப்போனபோது, இந்தக் கம்பெனி தன் கம்ப்யூட்டரில் தினசரி மேட்ச் ஆடி முடிவுகளை வெளியிட்டது. ஜனங்கள் அதையும் பார்த்தார்கள்.

ரிச்மனின் அட்டை ரொம்ப எளிமையான யோசனை. மூன்று பகடைகளில் ஒன்று வெள்ளை. அதில் 1, 2, 3 விழுந்தால் அடிக்கிறவரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் பந்து வீசுகிறவரின் அட்டை. மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். அந்த வரியில் 'ஹோம் ரன்' என்றோ, 'கேட்ச்' என்றோ எழுதியிருக்கும். மொத்தம் 216 விதமாகப் பகடை விழலாம். அதில் பாதி அடிக்கிறவர் கையில், பாதி வீசுகிறவர் கையில். அந்த வருஷம் நிஜமாகவே யார் எத்தனை அடித்தார், எத்தனை கோட்டை விட்டார் என்பதைக் கணக்குப் போட்டு, அதற்குத் தகுந்த மாதிரி வரிகளைப் பங்கிட்டிருப்பார்கள்.

கணக்குப் புத்தகத்தைப் புரட்டி, பக்க எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து நம்ம பசங்க ஆடின புக் கிரிக்கெட் ஞாபகம் வருகிறதா? அதில் கவாஸ்கரும் ஒன்றுதான், கடைசி ஆட்டக்காரரும் ஒன்றுதான். இதில் அப்படி இல்லை. நல்ல ஆட்டக்காரரின் அட்டை நல்ல அட்டை. ஆனாலும் நல்ல அட்டைக்காரரும் முக்கியமான நேரத்தில் அவுட் ஆவார். சொத்தை அட்டையும் சில நாள் தூள் கிளப்பும். வாழ்க்கை மாதிரியே!

1951, அக்டோபர் 3

ரீப்ளேக்கு ஏற்ற சீஸன் எது என்று கேட்டால், என்னுடைய ஓட்டு 1951-க்குத்தான்.

நியூயார்க்கில் ஒரே ஊருக்குள் இரண்டு பரம வைரிகள். புரூக்ளின் டாட்ஜர்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ். ஆகஸ்ட் 11-ம் தேதி டாட்ஜர்ஸ் 13½ ஆட்டம் முன்னால் இருந்தார்கள். இனி ஜயன்ட்ஸ் எட்டிப் பிடிப்பதாவது! மறுநாளிலிருந்து ஜயன்ட்ஸ் தொடர்ச்சியாக 16 ஆட்டம் ஜெயித்தார்கள். கடைசி 44-ல் 37 வெற்றி. சீஸன் முடிந்தபோது இரண்டு அணிக்கும் கச்சிதமாக 96 வெற்றி, 58 தோல்வி. யார் முதலிடம் என்று தீர்மானிக்க மூன்று ஆட்டம் வைத்தார்கள். முதல் ஆட்டம் ஜயன்ட்ஸுக்கு, இரண்டாவது டாட்ஜர்ஸுக்கு. மூன்றாவது, ஜயன்ட்ஸின் சொந்த மைதானமான போலோ கிரவுண்ட்ஸில்.

கடைசிச் சுற்று. டாட்ஜர்ஸ் 4, ஜயன்ட்ஸ் 1. டாட்ஜர்ஸ் பக்கம் டான் நியூகோம்ப் களைத்துப்போய் வீசிக்கொண்டிருந்தார். ஒரு அடி. இன்னொரு அடி. ஒருவர் அவுட். பிறகு ஒரு பலமான அடியில் ஸ்கோர் 4-2 ஆயிற்று. இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள். மைதான ஓரத்தில் கை சூடுபண்ணிக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர், ரால்ஃப் பிராங்கா, கார்ல் எர்ஸ்கின். மானேஜர் சார்லி டிரெஸன், பிராங்காவைக் கூப்பிட்டார்.

பிராங்காவுக்கு அப்போது 25 வயது. சட்டையில் எண் 13. எதிரே பாபி தாம்சன். முதல் ஆட்டத்தில் இதே பிராங்காவின் பந்தைத்தான் இதே தாம்சன் ஹோம் ரன் அடித்திருந்தார். முதல் பந்தை விட்டுவிட்டார். இரண்டாவது பந்து... இடது பக்க வேலிக்கு மேலே போய் விழுந்தது. மூன்று ரன். 5-4. ஆட்டம் முடிந்தது, சீஸன் முடிந்தது.

பிராங்கா உடை மாற்றும் இடத்தின் படிக்கட்டில் குப்புறக் கவிழ்ந்து கிடக்கும் போட்டோ அமெரிக்காவில் ரொம்பப் பிரபலம். 21 வயசிலேயே ஒரே சீஸனில் 21 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்த பிட்சர் அவர். அதை யார் ஞாபகம் வைத்திருந்தார்கள்? அடுத்த வருஷம் முதுகில் அடிபட்டு, ஆட்டமும் தேய்ந்து, 1956-ல் ஒதுங்கிவிட்டார். அதற்குப் பிறகு அறுபது வருஷம், 2016-ல் கண்ணை மூடும் வரை, எங்கே போனாலும் 'அந்தப் பந்து வீசினவர்' என்றுதான் அறிமுகம்.

நமக்கு இதை விளக்கவே வேண்டாம். 1986, ஏப்ரல் 18. ஷார்ஜா. கடைசிப் பந்து, பாகிஸ்தானுக்கு நாலு ரன் வேண்டும். சேத்தன் சர்மா வீச, மியான்தத் சிக்ஸர்! உலகக் கோப்பையில் முதல்முதலாக ஹாட்-ட்ரிக் எடுத்தவர் அதே சேத்தன் சர்மாதான், மறு வருஷமே. ஆனால் டீக்கடையில் எதைப் பற்றிப் பேசினோம்?

'அன்னிக்கு மட்டும்...'

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 'அன்னிக்கு ராத்திரியே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா...', 'அந்த வரனை வேண்டாம்னு சொல்லாம இருந்திருந்தா...', 'பையனை அந்தக் காலேஜ்ல சேர்க்காம இருந்திருந்தா...'. ராத்திரி விளக்கை அணைத்தபிறகு இந்த 'இருந்திருந்தா'க்கள் வரிசையாக வந்து நிற்கும். நாம் ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு ரீப்ளே ஆடிக்கொண்டுதான் இருக்கிறோம். பகடை மட்டும் இல்லை.

மனோதத்துவக்காரர்கள் இதை ரொம்ப நாளாக ஆராய்கிறார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் மெடல் வாங்கியவர்களின் முகங்களை வீடியோவில் போட்டு, யார் அதிகச் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று ஆட்களைக் கேட்டார்கள். வெள்ளி வாங்கினவரைவிட வெண்கலம் வாங்கினவர் முகத்தில்தான் சந்தோஷம் அதிகம்! 1995-ல் வெளியான ஆராய்ச்சி இது. வெள்ளிக்காரர் 'தங்கம் நழுவிடுச்சே' என்று நினைக்கிறார். வெண்கலக்காரர் 'நல்லவேளை, ஒண்ணுமில்லாம போகல' என்று நினைக்கிறார். மயிரிழையில் தவறியது எதுவோ அதுதான் ரொம்ப வலிக்கிறது. பிராங்காவுக்கு ஆறு ரன் வித்தியாசத்தில் தோற்றிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. 1975-ல் பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற ஆராய்ச்சியாளர், 1814-ல் பிரிட்டிஷாருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த சண்டையைப் பற்றிச் சிலரைப் படிக்க வைத்தார். ஒரு குழுவிடம் முடிவைச் சொல்லவில்லை. மற்றவர்களிடம் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முடிவைச் சொன்னார். 'முடிவு தெரியாது என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள், எது நடக்க வாய்ப்பு அதிகம்?' என்று கேட்டால், தங்களிடம் சொல்லப்பட்ட முடிவுதான் நடக்கக்கூடியது என்று தூக்கிச் சொன்னார்கள். பொய்யான முடிவைக் கேட்டவர்களும் அப்படியே! நடந்துவிட்ட ஒன்று, நடந்தே தீர வேண்டியதாக இருந்தது போலத் தெரிகிறது. அதனால்தான் 'எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்' என்று நம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறோம். அன்று ராத்திரி அப்பா 'வெறும் வாயுதான்' என்று சொன்னபோது, நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மறுநாள் தெரிந்ததை முதல் நாள் தலையில் ஏற்றுகிறோம்.

பகடைக்கு இந்தக் கோளாறு கிடையாது. அதற்கு அக்டோபர் 3 தெரியாது.

தாம்சன் 1951-ல் 518 தடவை முறையாக பேட் பிடித்து 32 ஹோம் ரன் அடித்தார். பந்து சரியாக வராமல் சும்மா முதல் பேஸுக்குப் போன தடவைகளையும் சேர்த்தால், 18, 19 தடவைக்கு ஒன்று. இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். லுடோ விளையாடுகிற பகடை இரண்டு எடுங்கள். இரண்டிலும் 1 விழுந்தாலோ, இரண்டிலும் 6 விழுந்தாலோ ஹோம் ரன். 36-ல் இரண்டு, அதாவது 18-க்கு ஒன்று. பிராங்கா வீசுகிறார் என்று நினைத்து உருட்டுங்கள். முதல் உருட்டில் விழுந்ததா? அநேகமாக இருக்காது. இருபது தடவை உருட்டிப் பாருங்கள், எங்கேயாவது ஒன்று விழும், விழாமலும் போகும். பிராங்காவை அனுப்பிய மானேஜர் எடுத்த முடிவு அன்றைய கணக்குக்குப் பெரிய தப்பில்லை. 18-ல் ஒன்று அன்றைக்கு விழுந்தது.

முழு சீஸன் ஆடுகிறவர்களுக்கு இது இன்னும் உறைக்கும். 32 ஹோம் ரன் அடித்த தாம்சன் ஒரு ரீப்ளேயில் 26 அடிப்பார், இன்னொன்றில் 38. 96 ஜெயித்த அணி 90-ல் நிற்கும், அல்லது 102-க்குப் போகும். இரண்டு அணியும் கச்சிதமாகச் சமமாக முடிவதே அபூர்வம். அக்டோபர் 3 என்கிற அந்த நாளே பல ரீப்ளேக்களில் வருவதில்லை. பிராங்கா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்.

ஒரு தொலைநோக்கி

இந்தக் கதைக்கு ஒரு வால் இருக்கிறது. பேஸ்பாலில் பிட்சர் என்ன பந்து வீச வேண்டும் என்பதை கேட்சர் விரலால் ரகசியமாகக் காட்டுவார். ஜயன்ட்ஸ் அந்த வருஷம் ஜூலையிலிருந்து, தங்கள் மைதானத்தின் கோடியில் இருந்த அறையில் தொலைநோக்கியை வைத்து எதிரணி கேட்சரின் விரலைப் பார்த்து, மின்சார மணி அடித்துத் தங்கள் ஆளுக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள்! 2001-ல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகை இதை விலாவாரியாகப் போட்டு உடைத்தது. தாம்சனோ, அந்தக் குறிப்பிட்ட பந்துக்குத் தனக்குத் தகவல் வரவில்லை என்று மறுத்தார். 2010-ல் அவர் காலமானார்.

பிராங்காவுக்கு இது 1954-லேயே, இன்னொரு ஆட்டக்காரர் சொல்லித் தெரியும். ஆனாலும் அழுமூஞ்சி என்ற பெயர் வேண்டாமென்று பல வருஷம் வாயைத் திறக்கவில்லை. நடுவில் தாம்சனும் அவரும் நண்பர்களாகி, அந்தப் பந்தின் போட்டோவில் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். தன்னைக் கவிழ்த்த கதையை வைத்து நாலு காசு பார்ப்பதற்கும் ஒரு தைரியம் வேண்டும். எனக்கு அந்த மனுஷரைப் பிடித்துப்போனது இதனால்தான்.

ரீப்ளேக்காரர்களுக்கு இதில் ஒரு தலைவலி. அட்டையில் இருக்கும் எண்கள் அந்த வருஷத்து நிஜ ஆட்டங்களிலிருந்து வந்தவை. தொலைநோக்கி ஏதாவது உதவி செய்திருந்தால், அதுவும் அட்டைக்குள்ளேயே கலந்துவிட்டது. பாலில் தண்ணீர் மாதிரி. இனி யாராலும் பிரிக்க முடியாது.

எது வரைக்கும் போகலாம்?

பகடை மருந்தல்ல. சொல்லப்போனால் மருந்தே வியாதியாவதும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் கூவர் 1968-ல் இதை வைத்து ஒரு நாவல் எழுதினார். அதன் நாயகன் ஹென்றி வா, வயசான கணக்குப்பிள்ளை. தனியாக வீட்டில் உட்கார்ந்து, தானே கற்பனை செய்த அணிகளைப் பகடையில் ஆடவிடுகிறார். அவருக்கு ரொம்பப் பிடித்த இளம் பிட்சர் ஒரு நாள் பகடை விழுந்த விதத்தால் ஆட்டத்தில் செத்துப்போகிறான். காகிதத்தில் மட்டும் இருந்த பையன்! ஹென்றி நிலைகுலைந்து போகிறார். வேலை போகிறது, நண்பர் விலகுகிறார், கடைசியில் விளையாட்டு உலகமே அவரை விழுங்கிவிடுகிறது.

இது கதைதான். ஆனால் எல்லைக்கோடு எங்கே என்பது நிஜமான கேள்வி. 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனம் சேர்ந்திருக்கிறது. அது வீடியோ, கம்ப்யூட்டர் விளையாட்டுக்காகச் சொல்லப்பட்டது. என்றாலும் அதன் அளவுகோலை எந்தப் பொழுதுபோக்குக்கும் வைத்துப் பார்க்கலாம். நிறுத்த நினைத்தும் முடியவில்லையா? குடும்பம், வேலை, தூக்கம் எல்லாவற்றையும் விட அதுவே பெரிதாகிவிட்டதா? கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்கிறதா? பொதுவாக ஒரு வருஷ காலம் இப்படி நீடித்தால்தான் டாக்டர்கள் அதை நோய் என்கிறார்கள். மேஜையில் அரை மணி நேரம் பகடை உருட்டிவிட்டு, 'என்னம்மா, தூங்கலையா?' என்று பேத்தியோடு பேச எழுந்து வருகிற தாத்தாவை விட்டுவிடுங்கள். அவர் நன்றாகத்தான் இருக்கிறார். (ஒரே இடத்தில் உட்காராமல் இருந்தால் சரி. பேஸ்பால் மைதானத்தில் ஏழாவது சுற்றின் நடுவில் எல்லாரும் எழுந்து நின்று சோம்பல் முறிப்பது ஒரு சம்பிரதாயம். தாத்தாவும் அதைக் கடைப்பிடிக்கலாம்!)

மனசுக்குள் ஓடுகிற ரீப்ளேயைத்தான் கவனிக்க வேண்டும். மேஜையில் ஆடும்போது முடிவு ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. மனசில் அதே பந்து, அதே ஹோம் ரன், அதே படிக்கட்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பு இல்லாமல் 'என்னாலதான்' என்ற நினைப்பே சுற்றிச் சுற்றி வந்தால், அதற்கு அட்டையும் பகடையும் போதாது. மனநல டாக்டரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் இருக்கிறவர்களும் 'நடந்தது நடந்துபோச்சு, விடு' என்று ஒரே வரியில் முடிக்காமல், அன்று என்ன தெரிந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று பொறுமையாகப் பேசவிட்டுக் கேட்கலாம்.

லுடோ பகடையை உள்ளே வைத்துவிட்டீர்களா? இன்னும் ஒரு உருட்டு பாக்கி இருக்கிறது. போலோ கிரவுண்ட்ஸை 1964-லேயே இடித்துவிட்டார்கள். டாட்ஜர்ஸும் ஜயன்ட்ஸும் 1957-ம் வருஷ சீஸனோடு நியூயார்க்கைவிட்டு கலிஃபோர்னியா போய்விட்டார்கள். ஆனால் உங்கள் மேஜையில் இன்னும் கடைசிச் சுற்று. 4-2. இரண்டு பேர் பேஸில். உங்கள் தாம்சன் அடித்த பந்து உயரப் போய், வேலிக்கு முன்னாலேயே கேட்ச் ஆகிவிட்டது என்று வையுங்கள். இரண்டாவது அவுட். நிஜத்தில் அன்று யாருமே பார்க்காத ஒன்று இப்போது நடக்கப்போகிறது. தாம்சனுக்கு அடுத்து மட்டையோடு காத்திருந்தவர் இருபது வயசுப் புதுப் பையன். பின்னாளில் பேஸ்பாலின் மாபெரும் ஆட்டக்காரர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கி, 2024-ல் மறைந்த வில்லி மேஸ். அவருடைய அட்டையை எடுத்து வையுங்கள்.